அளக்கும் கோல் யார் கையில்?

எலவனாசூர்கோட்டையில் கூட்டம் முடிந்த இரவு. ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தனர் தோழர்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் நோக்கி ஓடும் நெடுஞ்சாலை ஓரத்திலே, தேநீர்க் கடைப் பலகையிலே உட்கார்ந்து, தொண்டை வறட்சி போகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம் நாம்.

பெரியவர் ஒருவர் வந்தார். தோளிலே துண்டு, கையிலே வேரோடு பிடுங்கிய இரண்டு மல்லாட்டைச் செடிகள். மல்லாட்டை என்றதும் தென்பாண்டிச் சீமைத் தோழர்கள் திகைக்க வேண்டாம்! மணிலாக்கொட்டை என்ற சொல் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணிலே உருண்டு உருண்டு மல்லாட்டையாயிற்று. வேர்க்கடலையைத்தான் சொல்கிறோம்.

இரண்டு செடிகளையும் பலகையின் மேல் வைத்தார்.

"தம்பி! ஊர் ஊராப் போய்ப் பேசுறீங்க. ஒரே கொல்லை, ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே மழை. இந்தச் செடியில 27 காய். இதுல 9. அதுலயும் பாதி பொக்கு. ஏன் தம்பி?"

ஏன் தம்பி? நாலைந்து மணி நேரம் பேசும் ஆற்றல் படைத்தோர் என்று நம்மைப் பற்றி நமக்கே ஓர் எண்ணம் உண்டு. அந்த ஒரு சொல் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை! நமக்கு முன்னே கடையில் இருந்தவர்கள் பதில் சொல்லத் தொடங்கினர். "கண்ணு பட்டிருக்கும்" என்றார் ஒருவர். "கொல்லையில ஒரு பொம்மை கட்டி வைக்கிறதுதானே" என்றார் மற்றொருவர். "அது அவங்கவங்க தலையெழுத்து" என்று முடித்து வைத்தார் மூன்றாமவர்.

பெரியவர் சிரித்தார். "தலையெழுத்துன்னா கொல்லை முழுக்க ஒண்ணாத்தானே இருக்கணும்? பாதிக் கொல்லைக்கு ஒரு தலையெழுத்து, மீதிக் கொல்லைக்கு வேற தலையெழுத்தா?"

வெட்கினோம், வியந்தோம். மேடையேறி நாம் பேசும் பகுத்தறிவை, மேடையேறாத ஒருவர் தம் கொல்லையிலேயே கற்றுத் தேர்ந்திருக்கிறார்! பதில் தெரிந்துகொண்டு வருகிறோம் ஐயா என்று சொல்லி விடைபெற்றோம். தெரிந்துகொண்டதை எல்லோரும் அறிய இங்கே எழுதுகிறோம்.

மூட்டை தீர்ந்த இடம்

வேளாண்மைப் படிப்புப் படித்த தோழர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுவாரம் பெரியவர் கொல்லைக்குப் போனோம். தோழர் எந்த எந்திரத்தையும் கொண்டு வரவில்லை. கேள்விகளைக் கொண்டு வந்தார். ஆட்டுக்கிடை போட்டது எந்தப் பக்கம்? ஏரி வண்டல் அடித்தது எந்த ஆண்டு? ஜிப்சம் போட்டீர்களா?

"போட்டேன்" என்றார் பெரியவர். "கொல்லை முழுக்கவா?" என்றார் தோழர். பெரியவர் சற்றுத் தயங்கினார். கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். வரப்பின் மேற்கே தொடங்கிப் போட்டுக்கொண்டே வந்தார். பாதிக் கொல்லை வந்ததும் மூட்டை தீர்ந்தது.

27 காய்ச் செடி மேற்கே பிடுங்கியது. 9 காய்ச் செடி கிழக்கே பிடுங்கியது. காசு தீர்ந்த இடத்திலே காயும் தீர்ந்திருக்கிறது தோழர்களே!

ஏன் அப்படி? மல்லாட்டை விந்தையான பயிர். பூப்பது மண்ணுக்கு மேலே. காய்ப்பது மண்ணுக்குக் கீழே. பூவிலிருந்து விழுது இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே சென்று காயாகிறது. மற்ற சத்துக்களை வேர் உறிஞ்சிச் செடிக்கு ஊட்டுகிறது. சுண்ணாம்புச் சத்தையோ, வளரும் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. தாய் ஊட்டிவிட முடியாத பிள்ளை! சுற்றிலும் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் ஓடு வளரும், உள்ளே பருப்பு இராது. அதைத்தான் பொக்கு என்கிறோம். ஜிப்சத்திலே சுண்ணாம்புச் சத்தும் உண்டு, கந்தகமும் உண்டு. முன்னது பருப்புக்கு, பின்னது எண்ணெய்க்கு. இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள், மானாவாரிக்கு மண்ணின் ஈரத்தைப் பொறுத்து 40 முதல் 75ஆம் நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ, செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை.

"அப்படியானால் ஜிப்சம்தான் காரணம்" என்று நாம் முழங்கினோம். பழக்கதோஷம்! தோழர் கையமர்த்தினார். "அவசரப்படாதீர்கள். கிழக்குப் பக்கம் மண்ணே சரளையாக இருக்கலாம். கிடை மேற்கே அதிகம் தங்கியிருக்கலாம். ஒரு கொல்லையில் ஒரு பக்கம் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அடுத்த பட்டத்தில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

இதுதான் வயல்வெளிச் சோதனை. இதைப் புரிந்துகொண்டால் போதும், எவனும் நம்மை ஏய்க்க முடியாது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

விட்டுவைத்த பட்டை

ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: இரண்டு எந்திரங்களில் எது நல்லது என்று அறிய, ஒரே நூலை, ஒரே நேரம், இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வயலிலும் அதே நீதி. கொல்லையை நீண்ட பட்டைகளாகப் பிரி. ஒரு பட்டைக்கு இடு. அடுத்த பட்டைக்கு இடாமல் விடு. ஒரே இடத்தில் மட்டும் செய்யாதே. மேற்கே, நடுவே, கிழக்கே என்று பல இடங்களில் செய். எந்தப் பட்டைக்கு இடுவது என்பதை உன் விருப்பத்துக்கு விடாதே; சீட்டுக் குலுக்கிப் போட்டு எடு. ஏனென்றால், நம் கை நம்மை அறியாமலே நல்ல மண் பக்கம் போகும்! பிறகு ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே அறுவடை செய்து, காய வைத்து, எடை போட்டு, குறித்து வை.

சீட்டுக் குலுக்கும் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலக் கணக்கறிஞர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843இல் தொடங்கிய சோதனை வயல்களின் கணக்குகளை 1919 முதல் ஆராய்ந்து, 1935இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் வேளாண்மைச் சோதனைக்கு அடிப்படையாயிற்று. அயல்நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். நம் கோவையிலே 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரச் சோதனை வயல் நூறாண்டைக் கடந்த பெருமை உடையது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒரு பாத்திக்கு இரசாயன உரம், ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அதே பாத்திக்கு அதே முறை!

எதுவுமே இடாத அந்தப் பாத்திதான் உண்மையின் உரைகல். உர வியாபாரிக்கும் மருந்து வியாபாரிக்கும் பிடிக்காத பாத்தி அது! "எங்கள் மருந்தைத் தெளித்தான், மூட்டை மூட்டையாய் விளைந்தது" என்று சுவரெங்கும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தெளிக்காமல் விட்ட பட்டையில் எத்தனை மூட்டை என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்பவர் வேறு பேச்சுப் பேசுவார்.

கனடாவிலிருந்து ஒரு பாடம்

கனோலா என்ற பெயரைப் பெருநகரக் கடைகளின் எண்ணெய்ப் புட்டிகளில் பார்த்திருப்பீர்கள். கடுகின் பங்காளி அது. முன்பு அந்தச் செடிக்கு இருந்த பெருமை, இரண்டாம் உலகப் போரில் கப்பலின் நீராவி எந்திரங்களுக்கு மசகு எண்ணெய் தந்தது ஒன்றுதான். அந்த எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதி. உணவுக்கு ஏற்றதன்று என்ற ஐயம் இருந்தது. பிண்ணாக்கிலோ காரம் மிகுதி, கால்நடைக்கு ஆகாது. போர் முடிந்தது, தேவையும் குறைந்தது.

அந்த நாட்டு அறிஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கீத் டௌனி, பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற இருவர் முன்னின்றனர். அந்தக் கடுகத்தனை விதையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியில் எண்ணெயைச் சோதித்து, கரு உள்ள மறு பாதியை நட்டு வளர்க்கும் முறையைக் கண்டனர்! நல்லதை மட்டும் தேர்ந்து தேர்ந்து பெருக்கி, 1974இல் இரண்டு தீமையும் குறைந்த முதல் இரகத்தை வெளியிட்டனர். மசகு எண்ணெயாகக் கிடந்தது மக்கள் உணவாயிற்று. இன்று கனடாவின் சமவெளிகளில் அறுவடை எந்திரம் ஓடும்போதே, எந்த இடத்தில் எவ்வளவு விளைந்தது என்று செயற்கைக்கோள் துணையோடு படம் வரைகிறது. அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு இடத்துக்கு இடம் உரத்தைக் கூட்டியும் குறைத்தும் இடுகிறார்கள். இதற்குத் துல்லியப் பண்ணையம் என்று பெயர்.

"அங்கே பரந்த நிலம், இங்கே துண்டு நிலம். துண்டு நிலத்துக்குத் துல்லியம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. உண்மை. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவனின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் எண்ணிப் பாருங்கள்! கனடாக்காரன் எந்திரத்தின் மேல் அமர்ந்து செல்கிறான். செடியை அவன் தொடுவதில்லை. ஆகவே எந்திரத்துக்குக் கண் வைக்க வேண்டியிருக்கிறது. நம் கொல்லையிலோ, களை எடுக்கும் தாய்மார்கள் செடிக்குச் செடி குனிந்து பார்க்கிறார்கள். எந்த மூலை வெளிறியிருக்கிறது, எங்கே வேர் அழுகுகிறது, எங்கே மண் இறுகியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் மேலிருந்து காண்பதை அவர்கள் அருகிருந்து காண்கிறார்கள். கண் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. கணக்கும் ஆய்வுக்கூடமும் அவர்களிடம் வந்து சேரவில்லை. குறை அங்கேதான்!

தருமபுரி காட்டிய வழி

நம் நாட்டால் முடியுமா என்று ஐயுறுவோர் தருமபுரிப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். 2004-05 முதல் 2006-07 வரை மூன்றாண்டுகள், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில், 7 கோடியே 20 இலட்சம் ரூபாய்ச் செலவில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. உழவருக்கு ஆளுக்கு ஒரு ஹெக்டேர். ஆழ உழும் உளிக் கலப்பை, நிழல்வலைக்குள் குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், அந்த நீரிலேயே கரைந்து வரும் உரம். உழவர்கள் குழுவாகச் சேர்ந்து விற்பனைக்கும் வழி கண்டனர்.

முதலாண்டில் சேர்ந்த உழவருக்குச் செலவு முழுவதையும் அரசே ஏற்றது. இரண்டாமாண்டு 90 விழுக்காடு. மூன்றாமாண்டு 80 விழுக்காடு. இந்த ஏணியைக் கவனியுங்கள்! ஏழை உழவனைப் பார்த்து, "புதுமையைச் செய்து பார், நட்டம் வந்தால் உன் தலையில்" என்று சொல்லவில்லை. முதல் ஆபத்தை அரசு தாங்கியது. பலன் கண்ணுக்குத் தெரிந்தபின் உழவன் பங்கு கூடியது.

பலன் என்ன? தருமபுரியில் ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது: தக்காளி விளைச்சல் 80 விழுக்காடு கூடியது, கத்தரி 34 விழுக்காடு கூடியது, செலவு போக மிச்சம் தக்காளியில் 165 விழுக்காடும் கத்தரியில் 67 விழுக்காடும் உயர்ந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லத் தவறவில்லை. இந்த முறைக்கு மாறவிடாமல் உழவரைத் தடுத்த பெருந்தடை பணமும் கடன் வசதியும் இல்லாமைதான்!

அறியாமை தடுக்கவில்லை தோழர்களே! மூட நம்பிக்கைகூட முதல் தடையாக நிற்கவில்லை! எலவனாசூர்கோட்டைப் பெரியவரின் மூட்டை எங்கே தீர்ந்ததோ, அங்கேதான் தருமபுரி உழவனின் வழியும் தீர்ந்தது.

தக்காளிக்குத் தண்ணீர் உண்டு, கிணறு உண்டு, சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு உழவருக்கு முழு மானியம் உண்டு. வானம் பார்த்த மல்லாட்டைக்கு? கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகியும் மணிமுத்தாறும் எட்டாத மேட்டுக் கொல்லைக்கு? அங்கே துல்லியம் எப்படி வரும் என்பதே நம் கேள்வி.

பத்து ஹெக்டேருக்கு ஒரு பிடி மண்

மண்ணை அளந்து உரமிடும் அறிவிலே நாம் பிந்தியவர்கள் அல்லர். 1967ஆம் ஆண்டிலேயே இராமமூர்த்தி என்ற மண்ணியல் அறிஞர் ஒரு வழி வகுத்தார். ஒரே வயலை மூன்று பட்டையாக்கி, ஒன்றுக்கு உரமில்லாமல், ஒன்றுக்கு அளவாக, ஒன்றுக்கு இரட்டிப்பாக இட்டு, வேண்டுமென்றே வளத்தில் ஏற்றத் தாழ்வை உண்டாக்கி, அதன் மேல் பயிரிட்டு, இவ்வளவு விளைய வேண்டுமானால் இந்த மண்ணுக்கு இவ்வளவு உரம் என்று கணக்கிடும் முறை அது. அதைப் பின்பற்றி நாடு முழுவதும் ஆய்வு நடந்தது. கோவையும் அதிலே ஒரு மையம்.

அந்த அறிவு உழவன் கைக்கு எப்படி வந்தது? 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கினார்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. அதன் தொடக்க விதி என்ன? பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. 10 ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ 25 ஏக்கர்! சராசரி உழவனுக்கு இரண்டு ஏக்கர்கூட இல்லாத நாட்டில், 25 ஏக்கருக்கு ஒரு பிடி மண் எடுத்து, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே கணக்கை எழுதிக் கொடுத்தால், அது யாருடைய மண்ணின் கணக்கு? ஒரே கொல்லைக்குள்ளேயே மேற்கும் கிழக்கும் மாறுகிறது என்று பெரியவர் இரண்டு செடிகளைக் கொண்டு வந்து காட்டுகிறாரே! பத்துப் பேருக்கு ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, பொருந்தவில்லையென்றால் உடம்பைக் குறை சொல்வதா?

யார் அளந்தார்? யாருக்காக அளந்தார்?

நிலத்தை அளப்பது தமிழனுக்குப் புதிதன்று. 1001ஆம் ஆண்டளவில் இராசராசன் நாட்டை அளந்தான். உலகளந்த கோல் என்று அளவுகோலுக்கே பெயர் வைத்தனர். எதற்காக அளந்தனர்? வரிக்காக. கும்பினியார் வந்தனர், சங்கிலி பிடித்து அளந்தனர், இரயத்துவாரி என்றனர். எதற்காக? அதுவும் வரிக்காக. இடையில் 1429ஆம் ஆண்டில் ஒரு செய்தி நடந்தது. விசயநகர ஆட்சியின் அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சேர்ந்து கசக்கிப் பிழிந்தபோது, ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த வலங்கையும் இடங்கையும் ஒன்று கூடின. விளைச்சலைப் பாராமல் விதித்த வரியை ஏற்கோம். விளைந்ததற்கு ஏற்ற நியாயமான வரியையே இறுப்போம் என்று உறுதி பூண்டு, கோயில் சுவர்களில் கல்லில் வெட்டி வைத்தனர். அந்தக் கிளர்ச்சியின் கல்வெட்டு, எலவனாசூர்கோட்டைக்குத் தொலைவில் இல்லாத விருத்தாசலத்திலும் இருக்கிறது.

கல்வராயன் மலைக்கோ அளவுகோல் போன கதை இன்னும் கொடுமை. ஜாகீர்தார் ஆட்சி அங்கே ஒழிந்தது 1976இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து!

இன்று புதிய அளவுகோல் வந்திருக்கிறது. வானிலே செயற்கைக்கோள், வயலுக்கு மேலே டிரோன், கையிலே கைபேசி. 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்குத் தில்லி ஒப்புதல் தந்தது. உழவருக்கு ஆளுக்கு ஓர் அடையாள எண். வயலுக்கு வயல் பயிர்க் கணக்கு. வரவேற்கிறோம். வரவேற்கும்போதே கேட்கிறோம்: அந்தக் கணக்கு முதலில் யார் கைக்குப் போகும்? என் கொல்லையில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பது எனக்குத் தெரியுமுன் உரக் கம்பெனிக்குத் தெரிந்தால், ஆலோசனை சொல்பவனும் அவனே, மருந்து விற்பவனும் அவனே என்றாகாதா? வைத்தியனே மருந்துக் கடையும் வைத்திருந்தால் நோய் தீருமா, மருந்து தீருமா?

பட்டா உள்ளவனுக்கே எண் என்றால், குத்தகைக்கு உழுபவன் யார்? வாரத்துக்கு உழுபவன் யார்? மண்ணைத் தொடுபவன் கணக்கில் இல்லை. மண்ணைத் தொடாதவன் பெயரில் கணக்கு! இதைத் துல்லியம் என்று எப்படி ஒப்புவது?

எண்ணெய்க் கப்பல்

"மல்லாட்டை உழவன் கதை நமக்கெதற்கு?" என்று ஆலைத் தோழர் எண்ண வேண்டாம். உங்கள் வீட்டு வாணலியில் இருக்கிறது அந்தக் கதை. 2022-23 எண்ணெய் ஆண்டில் இந்தியா இறக்குமதி செய்த சமையல் எண்ணெய் ஏறத்தாழ 165 இலட்சம் டன். அதன் விலை ஏறத்தாழ 1 இலட்சத்து 38 ஆயிரம் கோடி ரூபாய். மலேசியாவின் பனை எண்ணெய், அர்ஜென்டினாவின் சோயா எண்ணெய், உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெய்! ஒரு காலத்தில் இந்தத் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறிப் பிரான்சு நாட்டு மார்சேல் துறைமுகத்துக்கு எண்ணெய் பிழியப் போயிற்று. போன கப்பல் அன்று. வருகிற கப்பல் இன்று!

2024 அக்டோபரில், 10,103 கோடி ரூபாயில் எண்ணெய் வித்துக்களுக்கு ஒரு தேசிய இயக்கம் அறிவித்தார்கள். 390 இலட்சம் டன் விளைச்சலை 2030-31க்குள் 697 இலட்சம் டன்னாக்குவோம் என்றார்கள். அதற்கு முந்திய மாதம்தான் இறக்குமதிக் கச்சா எண்ணெய் மீது அடிப்படைச் சுங்கவரியை 20 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2025 மே இறுதியில் அதையே 10 விழுக்காடாக இறக்கினார்கள். எண்ணெய் வாங்கும் தொழிலாளிக்கு விலை குறைய வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விதைக்கும்போது ஒரு வரி, அறுக்கும்போது ஒரு வரி என்றால், விளைச்சலைக் கூட்டியவன் விலையில் வீழ்வான். 2025-26க்கு மல்லாட்டைக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் ஆதரவு விலை என்று அறிவித்தார்கள். அறிவித்த விலை கொள்முதல் களத்திலே கிடைத்தால்தான் அது விலை. இல்லையேல் வெறும் அறிக்கை!

செய்ய வேண்டியது

கேட்டுப் பெற வேண்டியவை சில. நாமே செய்யக் கூடியவை சில.

கேட்க வேண்டியவை இவை. மானாவாரிக் கொல்லைக்கும் உடைமைக்கு ஒரு மண் மாதிரி வேண்டும்; முடிவு விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். குத்தகைதாரருக்கும் மலைவாழ் மக்களுக்கும் பட்டா ஒரு தடையாக நிற்கக் கூடாது. ஜிப்சமும் நல்விதையும் கூட்டுறவுச் சங்கத்தில், 45ஆம் நாளுக்கு முன்பே, கடனாகக் கிடைக்க வேண்டும். அரசு மானியம் பெறும் எந்தத் துல்லியச் சேவைக் கம்பெனியும், ஒவ்வொரு ஊரிலும் தன் முறையைக் கையாளாத ஒரு பட்டையை விட்டுவைத்து, இரண்டின் எடையையும் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். தருமபுரியில் செய்ததுபோல் முதல் ஆண்டின் ஆபத்தை அரசு தாங்க வேண்டும்.

நாமே செய்யக் கூடியது இது. ஊருக்கு ஐந்து உழவர். ஆளுக்குப் பத்து சென்ட். அதிலே ஆறு பட்டை. சீட்டுக் குலுக்கி மூன்றுக்கு ஜிப்சம், மூன்றுக்கு இல்லை. ஒரு சதுர மீட்டர் சட்டம் கட்டி, செடிகளை எண்ணுங்கள். வரிசைக்கு 30 சென்டிமீட்டர், செடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 33 செடி இருக்க வேண்டும். 20தான் இருக்கிறதென்றால், உரத்தைப் பற்றிப் பேசுமுன் விதையைப் பற்றிப் பேசுங்கள். எண்ணுவதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்யட்டும். குறிப்பேட்டைப் படிப்பகத்தில் வையுங்கள். நாளேட்டைப் படிப்பதுபோல் அதையும் உரக்கப் படியுங்கள். பக்கத்திலேயே விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற இரகம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கி நாடெங்கும் போயிற்று. அங்கே உள்ள அறிஞர்களை அழையுங்கள். மக்கள் வரிப்பணத்தில் நடப்பது அது. மக்கள் அழைத்தால் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறோம். களை எடுத்த தாய்மார்களின் கண்ணைக் கொண்டுதான் இந்தக் கணக்கு பிறக்கிறது. மூட்டை கூடினால் கூலியும் கூட வேண்டும். பட்டையிலே நியாயம் பார்த்துவிட்டுப் படியிலே நியாயம் மறந்தால், அது பாதிக் கொல்லைக்கு மட்டும் போட்ட ஜிப்சம்!

பெரியவர் மார்கழிப் பட்டத்துக்கு ஆறு பட்டை பிரிக்கிறார். கிணறு வைத்திருக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர் தண்ணீர் தர ஒப்புக்கொண்டார். சீட்டுக் குலுக்க ஊரே வரும்போலிருக்கிறது. "கண்ணு பட்டிருக்கும்" என்று சொன்னவரும் சட்டம் கட்டக் குச்சி கொண்டு வருகிறாராம்! அறுவடையன்று எடைக்கல்லோடு நாமும் போகிறோம். ஜிப்சம் வென்றாலும் எழுதுவோம், தோற்றாலும் எழுதுவோம். எது வென்றாலும் பெரியவரின் கேள்வி வென்றது.

ஆயிரம் ஆண்டுகளாக நம்மை அளந்தனர் தோழர்களே! இனி நாம் அளப்போம். நம் மண்ணை, நம் கையால், நமக்காக!